முத்திரை குத்தாத தராசு

சோதித்துப் பார்க்காமல் எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை என்று சிவசைலம் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். முப்பத்திரண்டு வருடம் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்தவர். தட்டுக்கு அடியில் புளி உருண்டை ஒட்டிய காலத்திலிருந்து தராசுக்குள் கள்ளச் சில்லு வைக்கும் காலம் வரை எல்லாத் தில்லுமுல்லையும் பார்த்தாகிவிட்டது. அவர் தெருமுனையில் வரும்போதே கடைக்காரர்களுக்கு வியர்க்கும் என்று பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி அவரே கிளப்பிவிட்டது. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆன பிறகும் பால் பாக்கெட்டை எடைபோட்டுத்தான் அடுப்பங்கரைக்கு அனுப்புவார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக் கணினியில், 2047 ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஓர் அறிவிப்பு வந்தது. ஆறு வருடமாக அந்த வீட்டைக் காத்துவந்த 'நலக்காப்பு' என்கிற ஆன்டிவைரஸ் தன் கடையைக் கட்டுகிறதாம். அடுத்த வாரம் புதன்கிழமையோடு சேவை முடிகிறது, அதற்குள் வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும், இத்தனை நாள் நம்பியதற்கு நன்றி.

ஆன்டிவைரஸ் என்றால் பழைய காலத்து நினைப்பில் யாரும் இருந்துவிடக் கூடாது. கணினியைக் கெடுக்கிற வைரஸெல்லாம் எப்போதோ மலையேறிவிட்டது. கள்ளன் இப்போது பூட்டை உடைப்பதில்லை. மருமகன் குரலில் அழைத்து, மருமகன் மாதிரியே இருமி, அவசரம் என்கிறான். அதனால் ஆன்டிவைரஸும் வீட்டுக்கு வரும் அழைப்பு, கடிதம், வாசல் மணி எல்லாவற்றையும் பார்த்துத்தான் உள்ளே விடும். கணவன் மனைவி இரண்டு பேருடைய கைப்பேசியும், வாசல் கேட்டும் அதற்குள் அடக்கம். அது இல்லாமல் ஒரு நாள் இருந்தாலும் வீடு திறந்த வீடுதான்.

மனைவி சுகந்தி சாம்பாருக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, எதையாவது ஒன்றைப் போட்டுத் தொலையுங்கள் என்றாள். சிவசைலத்துக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. எதையாவது போடுவதற்கு அதென்ன ரசத்துக்குக் கொத்தமல்லியா? மேலப்பாளையத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் ரஹ்மத் நிஷாவுக்கு உடனே போன் போட்டார். தராசு வாங்கும்போது மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். ரஹ்மத்தும் மூன்றைக் கொண்டுவந்தாள்.

முதலில் வைத்தது 'இரும்புத்திரை'. அது இரண்டே நாளில் பால்காரரை அடையாளம் தெரியாதவர் என்று திருப்பி அனுப்பியது. மின்வாரியத்திலிருந்து வந்தவரைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து, உம்முடைய தகப்பனார் பிறந்த ஊர் எது என்று கேட்டது. மூன்றாம் நாள் காலை நடைக்குப் போய்த் தலையில் குல்லாயோடு திரும்பிய சிவசைலத்தையே உள்ளே விடவில்லை. சுகந்தி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, ஆள் சரியாகத்தான் இருக்கிறார், ஆனாலும் ஒரு பத்து நிமிடம் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்தது 'சொந்தபந்தம்'. அது முதலில் ஒரு நம்பிக்கைப் பட்டியல் கேட்டது. யார் யாரை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள் என்று வரிசைப்படி எழுத வேண்டும். வேறு ஊர்க்காரர்கள் யோசித்து நாலு பேரை எழுதியிருப்பார்கள். நம்மவர்கள் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் போடுவதுபோல் நூற்றுப்பன்னிரண்டு பேரை எழுதினார்கள். பெரியப்பா மகன் பெயர் விட்டுப்போனால் வருத்தப்படுவார். அவரைப் போட்டுச் சம்சாரத்தைப் போடாவிட்டால் அது அதைவிட வினை. கடன் வாங்கிக்கொண்டு ஓடிய சித்தப்பாவுக்குக்கூட வயதுக்கு மரியாதை கொடுத்து ஏழாவது இடம். அந்தப் புண்ணியவான் மென்பொருள் அன்று மாலையே நூற்றுப்பன்னிரண்டு பேருக்கும், 'வாழ்த்துக்கள்! சிவசைலம் சுகந்தி தம்பதியர் உங்களுக்கு இத்தனையாவது நம்பிக்கை இடம் அளித்துள்ளனர்' என்று ஓலை அனுப்பிவிட்டது. முப்பத்தெட்டாவது இடத்தைப் பெற்ற சம்பந்தியம்மாளைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆனது.

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இல்லை. சுகந்தியின் உடன்பிறந்த தம்பி தளவாயின் பெயர். எழுதும்போது சுகந்தி அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு, "அவந்தான் நம்மள வேண்டாம்னுட்டானே," என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். சிவசைலம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

கதை ஆறு வருடத்துக்கு முந்தையது. இவர்களின் ஒரே மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் தளவாய் தென்காசியில் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். ஊர்க் கல்யாணங்களின் முறையெல்லாம் அவனுக்கு விரல்நுனியில். அவன் வந்தான், மாலை போட்டான், செய்ய வேண்டிய சீரைக் குறைவில்லாமல் செய்தான். எல்லாம் செய்துவிட்டு, கை நனைக்காமல் போய்விட்டான். தாய்மாமன் பந்தியில் உட்காராமல் போன கல்யாணம் என்று ஊர் பேசியது. சுகந்தி ஒரு மாதம் அதையே நினைத்து நினைத்து, ரத்த அழுத்தம் ஏறி, ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். வீட்டுக்கு வந்ததும், தான் போய்ப் பேசுவதில்லை, இளையவன் அவனாக வரட்டும் என்று இருந்துவிட்டாள். அவன் வரவில்லை. உறவுக்காரர்களும் அவள் உடம்புக்குப் பயந்து அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பெற்ற மகள்கூட மாமா என்ற சொல்லை அம்மா எதிரில் விழுங்கிவிடுவாள்.

அந்த ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பிறகுதான் சிவசைலம் நலக்காப்பை வாங்கிப் போட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளும் ஆன்டிவைரஸ் என்று விளம்பரம். கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டையும் ஒரு சிவப்புப் பட்டையும் வந்தன. சுமங்கலி கையில் கறுப்பு ஏறக் கூடாது என்று சுகந்தி சிவப்பை எடுத்து வளையலோடு வளையலாகப் போட்டுக்கொள்ள, கறுப்பு இவர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நினைக்கவே தேவையிருக்கவில்லை. அவ்வளவு அமைதி. வீட்டில் ஒரு சுடுசொல் கேட்டு ஆறு வருடம் ஆகிறது.

மூன்றாவது சரக்கு 'சாவி'. அதை வைப்பதற்காக ரஹ்மத் செவ்வாய்க்கிழமை பிற்பகல் வந்தாள். சுகந்தி கோயிலுக்குப் போயிருந்தாள். பழையதைக் கழற்றும்முன் அது தன் பதிவேட்டைத் திரையில் விரித்தது. சுகந்திக்கு எது எது எவ்வளவு பாதிப்பு என்று ஒரு நீளப் பட்டியல். சின்ன வெங்காயத்தின் விலை, ஐம்பத்திரண்டு. அமுதா அத்தாச்சி அனுப்பிய புதுப்புடவைப் படங்கள், அறுபது. கடைசியில், 'சிவசைலம்: பாதிப்பு பூச்சியம்.'

சிவசைலத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதை அச்செடுத்துச் சுவரில் மாட்டலாமா என்றுகூடக் கேட்டார்.

ரஹ்மத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அண்ணாச்சி, இது நாடித்துடிப்ப வச்சுப் போடுத கணக்கு. எது வந்தா துடிப்பு எகிறுதோ அது வைரசு. பூச்சியம்னா, கல்யாணமாகி முப்பத்துநாலு வருசமா நீங்க பேசுன எதுவும் அக்காவுக்கு உறைக்கவே இல்லன்னு அர்த்தம்."

"அதெப்படிம்மா, நல்லதக் கேட்டாலுந்தான் துடிப்பு எகிறும்?"

"எகிறும்தான். அதுக்கென்ன தெரியும்? உங்க தராசு மாதிரிதான். எடையச் சொல்லும். தட்டுல இருக்கது தங்கமா ஈயமான்னு சொல்லுமா?"

சிவசைலம் அச்செடுக்கிற பேச்சை அதோடு விட்டார். தான் ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தை ஒருத்தி தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து திருப்பிச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அப்போது திரையில் கடைசிக் கேள்வி வந்தது. 'தனிமையில் வைத்த உருப்படிகள்: 214. அழித்துவிடவா?' எல்லோரும் 'ஆம்' என்று தட்டிவிட்டுப் போகிற இடம் அது. ரஹ்மத்தும் விரலை நீட்டிவிட்டாள். சிவசைலம் தடுத்தார். கைப்பற்றிய எடைக்கல்லை எண்ணிப் பார்க்காமல், பட்டியல் போடாமல் அழித்தால் வேலையே போய்விடும். முப்பத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று ரஹ்மத் கிளம்பினாள். இவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

புடவைப் படங்கள் முப்பத்தொன்று. நகைக்கடை அழைப்புகள் இருபத்தெட்டு. உறவுக்காரர்களின் குரல் செய்திகளில் வெட்டியெடுத்த துண்டுகள் பதினெட்டு. எல்லாவற்றிலும் ஒரே பெயர்தான் வந்தது. மீதி நூற்றுமுப்பத்தேழும் தளவாயிடமிருந்து.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முதலாவதைத் தட்டினார். சுகந்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அதே வாரத்துத் தேதி. தளவாயின் கட்டைக் குரல் காலி வீட்டில் கேட்டது.

"அக்கா, கோவத்துல கை நனைக்காம வந்துட்டேன். தப்புதான். ஆனா பூட்டுன கதவு கிராதியில பத்திரிகையச் செருகிட்டுப் போனா மனுசனுக்கு எப்படியிருக்கும், சொல்லு. பழம் வெத்தல வேண்டாம், ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. அத்தானக் கேளு. சரி போவட்டும், விட்டுருவோம். நீ பேசு."

சிவசைலம் அதை நிறுத்தினார். இந்த இடத்தில் அவரைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சுகந்தி அப்போது காய்ச்சலில் படுத்திருந்ததால் பத்திரிகையை அவர் தனியாகத்தான் தென்காசிக்குக் கொண்டுபோனார். தட்டு, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் அவள் எடுத்துக் கொடுத்தது. தளவாய் வீடு பூட்டியிருந்தது. அரை மணி நேரம் நின்றிருந்தால் வந்திருப்பான். ஆனால் குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கூடவே இரண்டு ஆபீஸ் சிநேகிதர்கள் துண்டும் எண்ணெயுமாகக் காரில் காத்திருந்தார்கள். பத்திரிகையைக் கதவுக் கம்பிக் கிராதியில் செருகினார். அருவியில் குளித்தார். குளித்த பசியில் அந்த வாழைப்பழத்தையும் மூன்று பேரும் பங்குபோட்டுத் தின்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, தட்டில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டேன், தளவாய் மாப்பிள்ளைக்கு ரொம்பச் சந்தோஷம் என்றார். ஊரான் தராசில் புளி தேடியவர் வைத்த புளி உருண்டை அது ஒன்றுதான். அது ஆறு வருடமாக ஒரு வீட்டின் எடையையே மாற்றிவிட்டது.

மற்றவற்றையும் கேட்டார். தளவாய்க்கு முட்டி வலி. தளவாய் புதுப் பந்தல் துணி வாங்கினான். சுகந்தி எல்லோருக்கும் பொதுவாக அனுப்பிய பொங்கல் வாழ்த்தைப் பார்த்துவிட்டுக் குரல் உடைந்துபோய்ப் பத்து நிமிடம் பேசியிருந்தான். அந்தப் பதில் இங்கே வந்து சேரவில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஐந்து தடவை நேரிலும் வந்திருக்கிறான். ஐந்து தடவையும் நலக்காப்பு கேட்டிலேயே, வீட்டில் யாரும் இல்லை என்று பணிவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறது. கடைசி வரவு பத்து நாளைக்கு முன்னால். கேட்டுப் படத்தில் தளவாயும் அவன் பெண்டாட்டியும் கையில் தாம்பூலத் தட்டோடு நின்றார்கள். தட்டில் வாழைப்பழம் இருந்தது. கடைசிச் செய்தியும் அன்றைக்குத்தான் வந்திருந்தது. "அக்கா, பிள்ளைக்குக் கல்யாணம். வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்கிழம. அத்த இல்லாம அவ மணையில ஏற மாட்டேங்கா. கிராதியில செருக எனக்கு மனசு வரல, அதான் சொல்லுதேன். வந்துரு."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. திரையில் 'அழித்துவிடவா?' என்ற கேள்வி பொறுமையாகக் காத்திருந்தது. அழித்தால் அவர் பொய் அழிந்துபோகும், வீட்டு அமைதி கெடாது. சுகந்தியின் உடம்பைச் சாக்காகவும் சொல்லிக்கொள்ளலாம்; டாக்டர் அதிர்ச்சி கூடாது என்றிருக்கிறாரே. அழிக்காவிட்டால் அவளுக்குத் தம்பி கிடைப்பான், இவருக்கு என்ன கிடைக்குமோ தெரியாது. சிவசைலம் விரலை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். வெட்கமாக இருந்தது. தட்டில் பழத்தோடு மூடிய கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை அழிக்க விரல் வரவில்லை. திரும்பி வந்த ரஹ்மத்திடம், நாளைக் காலை ஒன்பது மணிக்கு வா, அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்ள நீ கூட இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஆனாலும் ஆள் சாமர்த்தியசாலி. முழு வீரம் ஒரே நாளில் வந்துவிடுமா? கடைசிச் செய்தியை மட்டும் போடுவது என்று முடிவுசெய்தார். அதில் கிராதி என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. தம்பி குரல் கேட்ட பரபரப்பில் சுகந்தி அதைக் கவனிக்க மாட்டாள். மற்றது மெள்ள மெள்ளப் பார்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை காலை, மாத்திரை போட்டாயா என்று மூன்று தடவை கேட்டபோதே சுகந்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளைச் சோபாவில் உட்காரவைத்தார். எதிரே ரஹ்மத், மடியில் திரையோடு. அதில் சுகந்தி என்று பெயர் போட்ட கோடு ஒன்றும் சிவசைலம் என்று பெயர் போட்ட கோடு ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தன. ஆன்டிவைரஸ் உன் தம்பியை ஆறு வருடமாக வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறது, அவன் பேசாமல் இருக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சிவசைலம் செய்தியைத் தட்டினார்.

தளவாயின் குரல் வந்தது. சுகந்தி இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் முகம் மலர்ந்து வந்தது. ரஹ்மத் மட்டும் திரையைப் பார்த்துப் பதறினாள். சுகந்தியின் கோடு நூற்றிருபது, நூற்றுமுப்பது என்று செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, நெஞ்சு படபடங்குதா? தண்ணி குடிக்கீங்களா?"

"எனக்கென்ன? ஆறு வருசத்துல இன்னைக்குத்தான் நெஞ்சு லேசாயிருக்கு," என்றாள் சுகந்தி மூக்கைச் சிந்திக்கொண்டே.

கோடு நூற்றுநாற்பதைத் தொட்டது. தட்டில் ஒன்றும் வைக்காமல் தராசு ஆடினால் ஓர் ஆய்வாளர் என்ன செய்வார்? எங்கேயோ வேறு ஒரு கை அழுத்துகிறது என்று தேடுவார். சிவசைலத்துக்குத் தன் நெஞ்சு அடிக்கும் சத்தம் தன் காதிலேயே கேட்டது. குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தார். மெதுவாகக் கறுப்புப் பட்டையைக் கழற்றி டீப்பாயில் வைத்தார்.

திரையில் சுகந்தியின் துடிப்பு நின்றுபோனது. சுகந்தி எதிரே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரஹ்மத்துக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. "கறுப்பு அக்காவுக்குள்ளதுல்லா. செகப்புதான் உங்களுக்கு. அப்ப ஆறு வருசமா இது காப்பாத்துனது அக்காவ இல்ல. உங்களத்தான் அண்ணாச்சி."

வெங்காய விலைக்கு எகிறியது இவர் நாடி. புடவைப் படத்துக்கு எகிறியது இவர் நாடி. பூச்சியம் என்ற பெருமையும் போயிற்று. தன் பேச்சு தனக்கே எங்கே உறைக்கப்போகிறது? முத்திரை குத்துவதற்கு முன்னால் தட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காத ஆய்வாளர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சிவப்புப் பட்டையின் பழைய பதிவுகளை ரஹ்மத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "அக்கா நாடி பெரும்பாலும் சாதாரணமாத்தான் ஓடியிருக்கு. வாசல் மணி அடிச்சா ஒரு ஏத்தம் ஏறி இறங்குது. ஆறு வருசமா, ஒரு மணி விடாம."

அந்த வாசலில் இத்தனை வருடமாக மணி அடித்ததெல்லாம் பால்காரரும் கூரியர்காரரும்தான்.

சுகந்தி கண்ணைத் துடைத்து முடித்துவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "எந்தம்பி பேரக் கேட்டா உங்களுக்கு எதுக்கு இந்த அடி அடிக்கணும்?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பழைய வாக்கு. நிமிடத்துக்கு நூற்றுநாற்பது என்று எண்ணிக் காட்டிவிட்ட பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது? சிவசைலம் எல்லாவற்றையும் சொன்னார். பூட்டின வீடு, கிராதி, சாரல், அருவி, கடைசியில் வாழைப்பழம். வாழைப்பழத்தைச் சொல்லும்போது அவர் குரல் தேய்ந்து தரைக்குப் போய்விட்டது.

சுகந்தி சத்தம் போடவில்லை. எழுந்து உள்ளே போனாள். அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை; சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. ஆறு வருட அமைதியும் இந்த ஒரு நாள் அமைதியும் ஒன்றல்ல என்று சிவசைலத்துக்கு நன்றாக விளங்கியது. மாலையில் அவள் பீரோவைத் திறந்து மகளின் கல்யாணப் பத்திரிகைகளில் மிஞ்சிக் கிடந்த ஒன்றை எடுத்தாள். ஓரம் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. அதை அவர் முன்னால் வைத்தாள்.

"நாளைக்குத் தென்காசிக்குப் போறோம். இதத் தட்டுல வச்சு, முறைப்படி அவங் கையில குடுக்கீங்க. பிறகுதான் அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம போவ முடியும்."

ஆறு வருடத்துக்கு முன்னால் முடிந்த கல்யாணத்துக்கு அழைப்பு வைக்கப் போன மனிதர் தமிழ்நாட்டில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தளவாய் வீட்டு வாசலில், பந்தக்கால்களுக்கும் அண்டாக்களுக்கும் நடுவில், சிவசைலம் தட்டோடு நின்றார். கையில் பட்டை இல்லை. பட்டை இருந்த இடத்தில் வெளுத்த கோடு மட்டும் இருந்தது. தளவாய் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். அக்காவைப் பார்த்து இரண்டடி முன்னால் வந்தான். சுகந்தி, முதலில் அவரைக் கவனி என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

சிவசைலம் தட்டை நீட்டினார். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு மறந்துபோயிற்று. "மாப்ள, எம்மகளுக்குக் கல்யாணம். குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்," என்றார். அப்புறம், "அன்னைக்கே நின்னு சொல்லியிருக்கணும். குத்தாலத்துக்குப் போற அவசரத்துல போய்ட்டேன். இத்தன வருசம் உங்க அக்காட்ட பொய்யும் சொல்லிட்டேன்," என்றார்.

தளவாய் தட்டை இரண்டு கையாலும் வாங்கித் திண்ணையில் வைத்தான். பத்திரிகையைப் பிரித்து, நாள், நட்சத்திரம், முகூர்த்தம் எல்லாவற்றையும் முறை தெரிந்தவனாக நிதானமாகப் படித்தான். தாய்மாமன் என்ற இடத்தில் தன் பெயரை விரலால் ஒரு தடவை தொட்டான்.

"தேதி கொஞ்சம் நெருக்கமா இருக்கே அத்தான்," என்றான்.

முதலில் சிரித்தது சுகந்திதான். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். தளவாய் ஒரு கையால் அக்காவைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து, பல்லால் தோலை உரித்து, அங்கேயே நின்று முழுதாகத் தின்றான். ஆறு வருடத்துக்குப் பிறகு தாய்மாமன் கை நனைத்துவிட்டான். சிவசைலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. அத்தை வந்த பிறகே பெண் மணையில் ஏறினாள். சிவசைலம் இரண்டு பந்தி சாப்பிட்டார். ஒன்று தனக்கு, மற்றொன்று தளவாயின் மனத்திருப்திக்கு. பிற்பகல் பஸ்ஸில் திரும்பும்போது ரஹ்மத் கூப்பிட்டாள். நலக்காப்பு போய் இரண்டு நாளாகிறது, வீடு காவலில்லாமல் கிடக்கிறது, எதை வைக்கட்டும் என்று கேட்டாள். சிவசைலம் வாயைத் திறக்கும்முன் சுகந்தி பதில் சொன்னாள். சாவியையே வைத்துவிடு. அது கணினியை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். கேட்டுக்குக் கொண்டியும், கையால் அடிக்கிற மணியும் போதும். யார் வந்தாலும் நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

சரி என்ற ரஹ்மத், பட்டைகளை இடம் மாற்றித் திருத்திய பட்டியலை அனுப்பியிருக்கிறேன், அண்ணாச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள். சிவசைலம் கைப்பேசியைத் திறந்தார். சுகந்தியின் உண்மையான பட்டியல் இப்போதுதான் முதல்தடவையாக அவர் கண்ணில் படுகிறது. சின்ன வெங்காயம், பூச்சியம். புடவைப் படங்கள், பூச்சியம். வாசல் மணி, எழுபது. அதற்கும் மேலே, தலைப்பில், ஒரே ஒரு வரி.

'சிவசைலம்: குரல் கேட்டதும் துடிப்பு ஏறுகிறது. பாதிப்பு தொண்ணூற்றெட்டு. உடனடியாகத் தனிமைப்படுத்தப் பரிந்துரைக்கிறோம்.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். நெஞ்சு மறுபடியும் நிமிர்ந்தது. கைப்பேசியைச் சுகந்தியிடம் நீட்டினார். "முப்பத்துநாலு வருசத்துக்குப் பெறவும் தொண்ணூத்தெட்டாம். பாத்தியா?"

சுகந்தி படித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது ஆசையினு யாரு சொன்னா? எரிச்சலாக்கூட இருக்கும்லா," என்றாள்.

தராசு எடையை மட்டும்தான் சொல்லும். தட்டில் இருப்பது தங்கமா ஈயமா என்று சோதித்துப் பார்க்க முப்பத்திரண்டு வருட அனுபவம் உள்ள ஆய்வாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் சோதிக்கவில்லை. சிவப்புப் பட்டை இருந்த அவள் மணிக்கட்டில் தன் கையை வைத்துக்கொண்டு, பாளையங்கோட்டை வரும்வரை பேசாமல் வந்தார்.